ஓராண்டு ஸ்பானிஷ் வீட்டில்: எந்த நாட்டை எழுதுவது?

அக்கா மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், ஸ்பானிஷ் பேசும் நாடு ஒன்றில் ஒரு குடும்பத்தோடு ஓராண்டு தங்கிப் படிக்கப் போகிறேன் என்று உறுதியாக நிற்கிறாள். விண்ணப்பத்தில் நாடுகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். முதல் இடத்தில் பென்சிலால் ஸ்பெயின் என்று எழுதி என்னிடம் கொண்டுவந்தாள்.

"ஏன் ஸ்பெயின்?" என்று கேட்டேன்.

"அங்கேதானே சித்தி அந்த மொழி பிறந்தது" என்றாள்.

பல வருடமாக ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையை ஒரு வருடம் அனுப்பும் முடிவை அதை மட்டும் வைத்து எடுக்க முடியாது. அன்று சாயங்காலம் அக்கா, அவள், நான் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாடாகப் பார்த்தோம். பிறருக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் திட்டங்கள் நடக்கும் விதம் தெரிய வேண்டும். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களிடமிருந்து வந்த அமைப்பு ஏஎஃப்எஸ். 1947இலிருந்து பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்புகிறது. ரோட்டரி சங்கங்களும் இதைச் செய்கின்றன. ரோட்டரியில் உங்கள் ஊர் ரோட்டரி மாவட்டத்துக்கு எந்த வெளிநாட்டு ரோட்டரி மாவட்டத்தோடு ஏற்பாடு இருக்கிறதோ அந்த நாடுகள்தான் கிடைக்கும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று குடும்பங்களில் மாறி மாறித் தங்க வைப்பதும் உண்டு. இந்த இரண்டிலும் பொதுவாக நீங்கள் கேட்கக்கூடியது நாட்டை மட்டும்தான். ஊரை அவர்கள் முடிவு செய்வார்கள். எந்த ஊரில் ஒரு குடும்பம் "எங்கள் வீட்டுக்கு வரட்டும்" என்று சொல்கிறதோ அங்கேதான் பிள்ளை போகும். அந்தக் குடும்பம் பணம் வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்வதும் இல்லை.

அதனால் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: அந்த நாட்டில் நீங்கள் நினைக்காத ஊர் அமைந்தால், அந்த வருடத்தை உங்களால் ஓட்ட முடியுமா? ஸ்பெயினின் மாட்ரிட்டையோ அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸையோ மனதில் வைத்து நாட்டை எழுதுகிறோம். கிடைப்பது பெயர் தெரியாத சிற்றூராக இருக்கலாம். சிற்றூர் என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அதையும் சேர்த்துத்தான் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்பெயினில் இந்தக் கேள்வி உடனே முன்னால் வந்து நிற்கும். அந்த நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மக்கள், ஸ்பானிஷோடு இன்னொரு ஆட்சிமொழியும் உள்ள பகுதிகளில் வாழ்கிறார்கள். கத்தலோனியாவில் கத்தலான், பாஸ்க் பகுதியில் எவுஸ்கெரா, கலீசியாவில் கலீசியன். கத்தலோனியாவில் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் கத்தலானில்தான் நடக்கும். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அங்கே ஒரு சிறிய ஊர் கிடைத்தது. முதல் மூன்று மாதம் வகுப்பில் எதுவும் புரியவில்லை. மைதானத்திலும் பிள்ளைகள் கத்தலானில்தான் பேசினார்கள். அவன் போனால் மரியாதைக்கு ஸ்பானிஷுக்கு மாறுவார்கள், இரண்டு நிமிடத்தில் மறந்துவிட்டுத் திரும்ப கத்தலான். யார் மீதும் தப்பில்லை, அது அவர்கள் மொழி. அவன் அந்த மொழியையும் விரும்பிக் கற்றுக்கொண்டு வந்தான். ஆனால் ஸ்பானிஷுக்காக மட்டும் போகிற பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் பெரிய பாரம். தன் மொழியில் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும் என்பதன் அருமை நமக்குத் தெரியும், அதனால் கத்தலோனியாவை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன்.

வயதோலித், சலமாங்கா, புர்கோஸ் போல ஸ்பெயினின் காஸ்தீல் பகுதி ஊர் அமைந்தால் அது பெரிய கொடுப்பினை. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்னும் நடக்கிற ஊர் சலமாங்கா. அங்கே உச்சரிப்பு தெளிவாக இருக்கும். தெற்கே அந்தலூசியா என்றால் அசையின் கடைசி 'ஸ்' காற்றில் போய்விடும், 'பெஸ்காதோ' என்ற மீன் 'பெஹ்காவ்' ஆகிவிடும். காது பழக இரண்டு மாதமாவது பிடிக்கும், பழகிவிட்டால் அதுவும் அழகுதான். மாட்ரிட்டில் வேறொரு சிக்கல். அங்கே நிறைய அரசுப் பள்ளிகள் இருமொழிப் பள்ளிகள், சில பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஆங்கிலம் நன்றாகப் பேசும் இந்தியப் பிள்ளை வந்தால் எல்லாரும் ஆங்கிலம் பழக அவளைத்தான் தேடி வருவார்கள்.

சாப்பாட்டில் அக்காவுக்கு ஒரு விஷயம் சொன்னேன். ஸ்பெயின் கடைகளில் 'சாண்ட்விச் வெஹெதால்', அதாவது காய்கறி சாண்ட்விச், என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே சூரை மீன் இருக்கும். பருப்புக் குழம்பிலும் சோரிசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். மதியச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல். சுத்த சைவம் என்றால் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும், போன பிறகு சொல்வது அந்தக் குடும்பத்துக்குக் கஷ்டம்.

இங்கே இன்னொரு கவலையையும் தீர்த்துவிடுகிறேன். "ஸ்பெயின் ஸ்பானிஷ்தானே சுத்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் ஸ்பெயினில் இருப்பவர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெக்ஸிகோவில் மட்டும் ஏறத்தாழ 13 கோடிப் பேர். அகராதியையும் இலக்கணத்தையும் எல்லா நாட்டு மொழி அகாதமிகளும் சேர்ந்துதான் வெளியிடுகின்றன. சியெலெ என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வை ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம், சலமாங்கா பல்கலைக்கழகம், மெக்ஸிகோவின் உனாம் பல்கலைக்கழகம், புவெனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகம் நான்கும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. எந்த நாட்டுப் பேச்சோடு போனாலும் தேர்வில் குறை ஒன்றும் வராது.

அர்ஜென்டினாவைப் பார்க்கும்போது அவள் ரொம்ப ரசித்தாள். ஒரே வாக்கியத்தை மூன்று நாட்டுக்காரர் குரலில் போட்டுக் காட்டினேன்: 'யோ மே யாமோ', என் பெயர் இன்னது என்பதன் தொடக்கம். மெக்ஸிகோப் பெண் 'யோ மே யாமோ' என்றாள். கொலம்பியாவின் தலைநகர் போகோதாக்காரரும் ஏறத்தாழ அப்படியே. புவெனோஸ் ஐரெஸ்காரர் வாயைத் திறந்ததும் 'ஷோ மே ஷாமோ'. அவள் கைதட்டிச் சிரித்துவிட்டு, கோழியைக் குறிக்கும் 'போயோ'வை 'போஷோ' என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்து வந்தாள். நீ என்பதற்கு அங்கே 'து' இல்லை, 'வோஸ்'. அதற்கான வினை வடிவங்கள் உண்மையில் எளிது: 'து தியெனெஸ்' என்று வேர் மாறுகிற இடத்தில் 'வோஸ் தெனேஸ்' என்று மாறாமல் நிற்கும். அந்தப் பேச்சோடு திரும்பி வந்தாலும் எந்த நாட்டிலும் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அங்கே பள்ளி மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் பொதுத் தேர்வு நடக்கிற அதே மார்ச். ஆகஸ்ட்டில் போனால் பாதி வருடத்தில் உள்ளே நுழைய வேண்டும். விலைவாசி இன்னொரு தலைவலி: 2023இல் பணவீக்கம் 200 சதவீதத்தைத் தாண்டியது. அதன் பிறகு நன்றாகக் குறைந்திருக்கிறது, இருந்தாலும் மாதக் கைச்செலவுக்கு எவ்வளவு போதும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவது சிரமம். ஞாயிறு என்றால் அசாதோ. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, நெருப்பில் மணிக்கணக்காக மாட்டிறைச்சி வாட்டுவார்கள். அது வெறும் சாப்பாடு இல்லை, குடும்பம் கூடும் நேரமே அதுதான். எங்கள் பெண் மாட்டிறைச்சி மட்டும் சாப்பிட மாட்டாள். பாஸ்தாவும் பீட்சாவும் தாராளமாகக் கிடைக்கும் நாடுதான், பட்டினி கிடக்க மாட்டாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்த நெருப்பின் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்வதை நினைத்து அக்காவுக்குச் சங்கடம். அறைக்குள் வந்தால் ஒவ்வொருவரையும் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து வணங்கும் வழக்கமும் உண்டு. அதற்கு அவள் கவலைப்படவில்லை, அக்காதான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள்.

கொலம்பியா எனக்கு மிகவும் பிடித்த நாடு, காரணம் அவர்களின் மரியாதைச் சொல். 'உஸ்தேத்' என்பது நம் 'நீங்கள்'. புத்தகத்தில், பெரியவர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் என்று படிப்போம். போகோதாவிலும் அதைச் சுற்றிய மலைப்பகுதிகளிலும் அம்மா பிள்ளையை 'உஸ்தேத்' என்பாள், நண்பன் நண்பனை 'உஸ்தேத்' என்பான். போயாகா பக்கம் 'சுமெர்சே' என்று இன்னும் குழைவாக ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்து 'தங்கள் கருணை' என்பது தேய்ந்து வந்த சொல். நம் கோயம்புத்தூர்ப் பக்கம் மூன்று வயதுக் குழந்தையை "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்பார்களே, அதே பாசம்தான். இதை வேறு மொழிக்காரருக்கு விளக்க வகுப்பில் அரை மணி நேரம் ஆகும். இவளுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது.

போகோதா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம், ஸ்வெட்டர் இல்லாத நாள் இருக்காது. மெதெயின் 1,500 மீட்டர், வருடம் முழுக்க இதமான காற்று. பள்ளி நாட்காட்டி இரண்டு விதம்: பெரும்பாலான பள்ளிகள் பிப்ரவரியை ஒட்டித் தொடங்கி நவம்பரில் முடிப்பவை, சில தனியார் பள்ளிகள் ஆகஸ்ட் செப்டம்பரில் தொடங்குபவை. எது அமையும் என்று முன்பே கேட்க வேண்டும். இன்னொன்றும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. கொலம்பியா, பெரு, எக்வடோர் போன்ற நாடுகளிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லை என்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். போவதற்குப் பத்து நாளாவது முன்பு போட்டுக்கொள்ள வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மெக்ஸிகோவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

நான் மனதில் முதல் இடம் கொடுத்திருந்தது கோஸ்டா ரிகாவுக்கு. 50 லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை. அதில் பாதிக்கு மேல் நடுப் பள்ளத்தாக்கில், தலைநகர் சான் ஹோசேயைச் சுற்றி இருக்கிறார்கள். அதனால் எங்கே அமையும் என்ற பயம் இங்கே குறைவு. எந்த ஊர் என்றாலும் பேச்சு ஏறத்தாழ ஒன்று, பள்ளி மொழி ஸ்பானிஷ். 'உஸ்தேத்' இங்கேயும் ஆட்சி செய்கிறது, வளர்ப்பு நாயைக்கூட மரியாதையாகக் கூப்பிடுவார்கள். 1948இல் ராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு. காலைச் சாப்பாடு காயோ பின்தோ: முந்தின நாள் சோற்றில் கறுப்பு பீன்ஸைப் போட்டு வெங்காயம், கொத்தமல்லியோடு புரட்டுவது. மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் காலையில் தாளித்துச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தட்டு அந்நியமாகத் தெரியாது. மதியம் காசாதோ: சோறு, பீன்ஸ், வறுத்த நேந்திரம்போன்ற பழம், கொஞ்சம் காய், வழக்கமாக ஒரு துண்டு இறைச்சியும். இறைச்சியை விட்டுவிடச் சொன்னால், சைவர்களுக்கு நாங்கள் பார்த்த நாடுகளில் இதுதான் எளிது.

குறையையும் சொல்ல வேண்டும். போதைப்பொருள் கடத்தலால் 2023இல் கொலைகள் அதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்தன, லிமோன் துறைமுகப் பக்கம் அதிகம். "அமைதியான நாடு" என்று பழைய நினைவில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, எந்தப் பகுதி என்று அமைப்பிடம் கேட்க வேண்டும். பள்ளி பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை. ஆகஸ்ட்டில் போனால் நாலு மாதம் ஒரு வகுப்பு, பிறகு நீண்ட விடுமுறை, பிப்ரவரியில் இன்னொரு வகுப்பு.

மெக்ஸிகோவை அக்கா முதலில் ஏற்கவில்லை. செய்திகளில் பார்த்த பயம். அந்தப் பயம் பொய்யில்லை, சில மாநிலங்கள் உண்மையிலேயே ஆபத்தானவை. ஆனால் அது பெரிய நாடு. மெரிதா இருக்கும் யுகதான் மாநிலம் நாட்டிலேயே அமைதியான பகுதிகளில் ஒன்று. எந்தெந்த மாநிலங்களில் பிள்ளைகளை வைப்பதில்லை என்று அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் தெளிவாக இல்லாவிட்டால் அந்த நாட்டை எழுதாதீர்கள். நாங்கள் கேட்டோம், தெளிவாகவே சொன்னார்கள்.

அது தீர்ந்த பிறகு மற்றதெல்லாம் அந்த நாட்டுப் பக்கமே சாய்ந்தது. பேச்சு தெளிவு, பல பகுதிகளில் மெய்யெழுத்துகளை விழுங்க மாட்டார்கள். லத்தீன் அமெரிக்கா முழுக்க மெக்ஸிகோவில் டப்பிங் செய்த படங்களையும் தொடர்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நிறைய என்பதால், அந்தப் பேச்சு எங்கும் பழகிய பேச்சு. சொன்னது காதில் விழவில்லை என்றால் 'கே?' (என்ன?) என்று கேட்காமல் 'மாந்தே?' என்பார்கள், 'சொல்லுங்க' என்கிற மாதிரி. சாப்பாட்டில் மிளகாய் உண்டு, கொத்தமல்லி உண்டு, புளி கரைத்துச் சர்க்கரை போட்ட 'ஆகுவா தெ தமாரிந்தோ' தெருக்கடைகளில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் நிற்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சைவர்கள் அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவில் முடிகிறது. தலைநகர் அமைந்தால் 2,240 மீட்டர் உயரம், ஊட்டி மாதிரிதான். முதல் வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

சிலி, பெரு, எக்வடோர் மூன்றையும் சீக்கிரம் தாண்டினோம். சிலி ஒழுங்கான நாடு. ஆனால் வேகமும் விழுங்கலும் சேர்ந்து, நன்றாக ஸ்பானிஷ் தெரிந்தவர்களே அங்கே முதல் மாதம் திணறுவார்கள். பெருவில் லிமா என்றால் நல்லது. 3,400 மீட்டர் உயரத்துக் குஸ்கோ என்றால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஆகாது, இவளுக்குச் சின்ன வயதில் இருந்தது. எக்வடோரில் 2024 ஜனவரியில் நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்கு வன்முறை, இப்போதைக்கு வேண்டாம் என்று மூவரும் ஒன்றாகச் சொன்னோம்.

எந்த நாடானாலும் தமிழ் பேசும் பிள்ளைக்கு மொழி எளிதாக வரும் என்பதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் 'மே குஸ்தா' என்பதில் தடுமாறுவார்கள். நமக்கு அது 'எனக்குப் பிடிக்கும்', சொல்லுக்குச் சொல் அதே அமைப்பு. வினையிலேயே ஆள் தெரிவதால் நான், நீ என்பதை விட்டுவிடலாம், 'வருகிறேன்' என்றால் போதும் என்பதுபோல. 'அது' என்பதில் வரும் மெல்லிய த-தான், ஒன்றுமில்லை என்ற பொருளுள்ள 'நாதா'வில் வருவதும். 'கரி', 'கறி' இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் 'பெரோ' (ஆனால்), 'பெர்ரோ' (நாய்) குழப்பத்தில் விழ மாட்டார். இதைச் சொன்னதும் அவள் உட்கார்ந்திருந்த விதமே மாறிவிட்டது.

காகித வேலையும் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். பெற்றோர் சம்மதக் கடிதம், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் இவற்றுக்கு நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை), பிறகு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. ஸ்பெயினில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெக்ஸிகோவில் 180 நாளுக்கு மேல் என்றால் மாணவர் தங்கும் விசா, இறங்கிய 30 நாளுக்குள் அதைத் தங்கும் அட்டையாக மாற்ற வேண்டும். அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும், டிக்கெட் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள். அப்புறம், திரும்பி வந்தால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று இங்கே உள்ள பள்ளியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பிலேயே சேர வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் பின்னால் போவதை அக்கா ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

கடைசியில் நான் கோஸ்டா ரிகா என்றேன். அவள் மெக்ஸிகோ என்றாள்.

"ஏன்?"

"கோஸ்டா ரிகாவுக்கு ஆகஸ்ட்டில் போனால் எல்லாரும் ஏற்கெனவே ஃபிரெண்ட்ஸ் ஆகியிருப்பாங்க சித்தி. நான் மட்டும் புதுசு. மெக்ஸிகோன்னா ஸ்கூல் தொடங்குற அன்னைக்கே நானும் போவேன், எல்லாருக்கும் அது முதல் நாள்."

மொழி, உயரம், சாப்பாடு, தடுப்பூசி என்று நான் எல்லாம் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை. நான் முன்வைத்த கேள்விக்கும் மெக்ஸிகோ தாங்கியது: எந்தச் சிற்றூர் அமைந்தாலும் வகுப்பு ஸ்பானிஷில்தான் நடக்கும், ஆங்கிலத்துக்காக அவளைச் சுற்றி வருபவர் மாட்ரிட் அளவுக்கு இருக்க மாட்டார்கள், தட்டில் காரமும் புளிப்பும் இருக்கும்.

ஸ்பெயினை அழித்துவிட்டு முதல் இடத்தில் மெக்ஸிகோ எழுதினாள். இரண்டாவது கோஸ்டா ரிகா. மூன்றாவது ஸ்பெயின், கத்தலோனியா அமைந்தாலும் சம்மதம் என்று அவளே யோசித்துச் சொன்ன பிறகு. உணவுப் பத்தியில் மாட்டிறைச்சி வேண்டாம், மற்றது எல்லாம் சாப்பிடுவேன், காரம் பிடிக்கும் என்று எழுதி, அதை ஸ்பானிஷில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். 'மே குஸ்தா எல் பிகாந்தே' என்றேன். பேனாவில் எழுதினாள்.